ஓர் அணி யாரை எடுக்கும்? டிராஃப்ட் தேர்வுகளை முன்கணிக்கும் முறை

தொழில்முறைக் கால்பந்து அணிகள் புதிய வீரர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழிகளுள் ஒன்றான டிராஃப்ட் என்பது, கிடைக்கக்கூடிய வீரர்கள் அனைவரையும் ஒரே பட்டியலில் நிறுத்தி, முன்னரே வகுக்கப்பட்ட வரிசைப்படி ஒவ்வோர் அணியும் தன் முறை வரும்போது ஒருவரை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடாகும். ஏலத்தில் பணம் வைத்திருப்பவர் எந்த நேரத்திலும் குறுக்கே புகுந்து விலையை உயர்த்தலாம். டிராஃப்டிலோ முறை வராத அணி எவ்வளவு செல்வமுடையதாயினும் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். வரிசை முன்கூட்டியே தெரிந்திருப்பதாலும், வீரர் பட்டியல் வெளிப்படையாக இருப்பதாலும், ஒவ்வோர் அணியின் குறைகளும் அதன் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தவையாதலாலும், டிராஃப்டை ஓரளவுக்கு முன்கணிக்க இயலுகிறது.

இந்த அத்தியாயம் 2014 முதல் 2017 வரை இந்தியன் சூப்பர் லீக்கில் நடந்த டிராஃப்டுகளை, குறிப்பாகச் சென்னையின் எஃப்சி அணியின் தேர்வுகளை, அடிப்படையாகக் கொண்டு முன்கணிப்பு முறையை விளக்குகிறது. கல்லூரி வீரர்களை ஆண்டுதோறும் டிராஃப்ட் மூலம் பங்கிட்டுக்கொள்ளும் அமெரிக்கத் தேசியக் கால்பந்து லீக்கான என்எஃப்எல், தேவைப்படும் இடங்களில் ஒப்புநோக்கப்படுகிறது. கையாலும் தோளாலும் ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்து வேறு விளையாட்டாயினும், ஆளெடுக்கும் முறையில் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. முன்கணிப்பவர் மனத்தில் நிறுத்த வேண்டிய வினா, பட்டியலில் மிகச் சிறந்த வீரர் யார் என்பதன்று. இந்த அணி, இந்த முறையில், இந்த விதிகளுக்குள், இந்தப் பயிற்சியாளரின் கையால் யாரை எடுக்கும் என்பதே.

1. விதிகளை முதலில் படித்தல்

டிராஃப்ட் முன்கணிப்பில் ஏற்படும் தவறுகள் வீரர்களைப் பற்றிய அறியாமையால் நேர்வதைவிட விதிகளைப் படிக்காமையால் நேர்வதே மிகுதி. இந்தியன் சூப்பர் லீக்கின் விதிகள் ஆண்டுக்காண்டு மாறியதால், முந்தைய ஆண்டின் கணக்கை அப்படியே அடுத்த ஆண்டுக்குப் பொருத்தியவர்கள் ஏமாற நேர்ந்தது. 2014 ஜூலை 22, 23 ஆகிய நாட்களில் மும்பையில் நடந்த முதல் டிராஃப்டில் 84 இந்திய வீரர்கள் 14 சுற்றுகளில் பங்கிடப்பட்டனர். 2015 ஜூலை 10 அன்று பத்து முன்னணி வீரர்கள் மட்டும் ஏலத்துக்கு வந்தனர். ஏனையோர் டிராஃப்டுக்கு விடப்பட்டனர். அந்த ஏலத்தில் சுனில் சேத்ரியை 1.20 கோடி ரூபாய்க்கு மும்பை சிட்டியும், யூஜின்சன் லிங்டோவை 1.05 கோடி ரூபாய்க்குப் புனே சிட்டியும் வாங்க, சென்னையின் எஃப்சி தோய் சிங்கை 86 லட்சத்துக்கும் கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கை 60 லட்சத்துக்கும் எடுத்தது.

2017 ஜூலை 23 அன்று நடந்த டிராஃப்டில் ஏலம் இல்லை. ஒவ்வொரு வீரருக்கும் விலை முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. ஏற்கெனவே லீக்கில் இருந்த அணிகள் மூத்த இந்திய வீரர் இருவர் வரையும், 21 வயதுக்குட்பட்டோருள் மூவர் வரையும் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றும், மூத்த வீரர்களைத் தக்கவைத்த அணிகள் அதற்கேற்பத் தொடக்கச் சுற்றுகளில் எடுக்கும் உரிமையை இழக்கும் என்றும் விதி அமைந்தது. தக்கவைத்தல் என்பது முந்தைய பருவத்து வீரரைப் பட்டியலுக்கு அனுப்பாமல் அணியிலேயே நிறுத்திக்கொள்வதாகும். புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் எஃப்சிக்குத் தக்கவைக்க யாரும் இல்லாததால் முதல் முறையே அதற்குக் கிடைத்தது, அது 1.10 கோடி ரூபாய் விலை குறிக்கப்பட்டிருந்த தற்காப்பு வீரர் அனஸ் எடத்தொடிகாவை எடுத்தது. அதே பருவத்தில் களத்தில் ஒரே நேரத்தில் ஆடக்கூடிய வெளிநாட்டு வீரர்களின் எண்ணிக்கை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டதால், ஒவ்வோர் அணியும் குறைந்தது ஆறு இந்தியர்களைக் களமிறக்க வேண்டியதாயிற்று. எழுத்தளவில் சிறிதாகத் தோன்றும் இந்த மாற்றம், நம்பகமான இந்திய வீரர்களின் தேவையை எல்லா அணிகளிலும் ஒரே நேரத்தில் உயர்த்திவிட்டது.

எனவே முன்கணிப்பவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, சுற்றுகளின் எண்ணிக்கை, தக்கவைத்தல் வரம்பு, சம்பள உச்சவரம்பு, வயது ஒதுக்கீடு, வெளிநாட்டு வீரர் வரம்பு ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, முந்தைய ஆண்டிலிருந்து எது மாறியிருக்கிறது என்பதைக் கோடிட்டு வைப்பதாகும். மாற்றம் எங்கே உள்ளதோ அங்கேதான் அணிகளின் நடத்தையும் மாறும்.

2. முறை வரிசையின் மதிப்பு

யாருக்கு எப்போது முறை வரும் என்பதை நிர்ணயிக்க உலகில் இரண்டு வழிகள் பெரிதும் கையாளப்படுகின்றன. ஒன்று குலுக்கல், மற்றொன்று சென்ற பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் முறையையும், பட்டம் வென்ற அணிக்குக் கடைசி முறையையும் தரும் தலைகீழ் வரிசை. 1936இல் முதன்முதலாக டிராஃப்ட் நடத்திய என்எஃப்எல் தலைகீழ் வரிசையையே பின்பற்றுகிறது. இன்று 32 அணிகள் ஏழு சுற்றுகளில் வீரர்களை எடுக்கின்றன. பணக்கார அணிகளே நல்ல வீரர்களை எல்லாம் வாரிக்கொண்டு போட்டியைச் சுவையற்றதாக்கிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே அமைந்த லைட்ஹவுஸ் குப்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழ்வோருக்கு இந்த நியாயத்தை விளக்கத் தேவையில்லை. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் பங்கிடும் பாடு முறையில், உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்கு வலையிடும் இடமும் நாளும் சீட்டுக் குலுக்கலாலும் முறைவைப்பாலும் வகுக்கப்படுவதால், வளமான இடத்தில் ஒருவரே நிலைத்துவிடும் நிலை தவிர்க்கப்படுகிறது. முகத்துவாரத்தின் நிலை, நீரோட்டம், பருவம் ஆகியவற்றைப் பொறுத்து ஒரே பாட்டின் வருமானம் மாறுவதைப் போல, டிராஃப்டிலும் முறையின் எண் அதன் மதிப்பை முழுமையாகச் சொல்லிவிடாது. கோல்கீப்பர்கள் நிறைந்து முன்கள வீரர்கள் அருகியிருக்கும் ஆண்டில் கோல்கீப்பர் தேவைப்படும் அணிக்கு ஐந்தாம் முறையும் போதுமானதாகும். முன்கள வீரர் தேவைப்படும் அணிக்கு இரண்டாம் முறைகூடத் தாமதமாகிவிடும்.

ஆகவே வரிசையை எழுதும்போது, ஒவ்வொரு முறைக்கும் எதிரே அந்த அணியின் பெயரை மட்டும் குறிக்காமல், அந்த அணிக்கும் முன்கணிக்கப்படும் அணிக்கும் ஒரே வகை வீரர் தேவைப்படுகிறாரா என்பதையும் குறிக்க வேண்டும். அதே தேவையுள்ள அணிகள் முன்னால் எத்தனை உள்ளன என்ற எண்ணிக்கையே பின்னால் வரும் கணக்குக்கு முதலாகும்.

3. இடைவெளிப் பட்டியல்: சென்னையின் எஃப்சி, 2017

அணியின் தேவையைக் கண்டறியும் கருவியே இடைவெளிப் பட்டியல். களத்தின் பதினொரு இடங்களையும் எழுதி, ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ஏற்கெனவே ஒப்பந்தத்தில் உள்ள வீரர், அவருடைய வயது, அவருக்கு மாற்றாக இருப்பவர், அந்த இடத்தை வெளிநாட்டு வீரரைக் கொண்டு நிரப்பும் வாய்ப்பு ஆகியவற்றைக் குறித்தால், வெற்றாக நிற்கும் இடங்கள் தாமாகவே தெரியவரும். இந்தக் கருவி செயல்படும் விதத்தை 2017இன் சென்னையின் எஃப்சியைக் கொண்டு காண்பது பயனுடையது.

அந்த ஆண்டில் அணி முன்கள வீரர் ஜெஜே லால்பெக்லுவாவையும் கோல்கீப்பர் கரண்ஜித் சிங்கையும் மூத்த வீரர்களாகத் தக்கவைத்தது. இளையோரில் நடுகள வீரர் அனிருத் தாபாவும் இடப்புறத் தற்காப்பு வீரர் ஜெர்ரி லால்ரின்சுவாலாவும் அணியில் தொடர்ந்தனர். இந்த நால்வரையும் களத்தில் வைத்துப் பார்த்தால், அணியின் முன்முனை, கோல்கம்பம், இடப்புறக் காவல் ஆகிய மூன்றும் இந்திய வீரர்களால் நிரம்பிவிட்டன என்பதும், நடுகளத்தில் ஓர் இளைஞர் மட்டுமே நிற்கிறார் என்பதும் புலப்படும். அடுத்த வினா வெளிநாட்டு வீரர்களைப் பற்றியது. ஐந்து வெளிநாட்டவரே ஆடலாம் என்ற நிலையில், பெரும்பாலான இந்திய அணிகள் அவர்களை மையத் தற்காப்பிலும் தாக்கும் நடுகளத்திலும் நிறுத்துவதே வழக்கம். சென்னையும் மெயில்சன் ஆல்வெஸ், ஹென்ரிக் செரேனோ ஆகியோரை மையத் தற்காப்பிலும், இன்யிகோ கால்டெரோனை வலப்புறக் காவலிலும், ரஃபேல் அகுஸ்தோ, கிரகரி நெல்சன் ஆகியோரைத் தாக்குதலிலும் பெரிதும் பயன்படுத்தியது.

இந்த ஐந்து இடங்களையும் கழித்துவிட்டால், டிராஃப்டில் அணி தேடப்போகும் வீரரின் உருவம் தெளிவாகிவிடுகிறது: நடுகளத்தின் ஆழத்தில் நின்று பந்தைப் பறித்துக் கொடுக்கக்கூடிய இருவர், பக்கவாட்டில் ஓடக்கூடிய ஒருவர், பின்னர் மாற்று வீரர்கள். நடந்ததும் ஏறத்தாழ இதுவே. தோய் சிங்கும், ஏடிகே அணியில் ஆடியிருந்த பிக்ரம்ஜித் சிங்கும், சென்னையைச் சேர்ந்த தன்பால் கணேஷும் நடுகளத்துக்கு வந்தனர். பக்கவாட்டுக்குப் பிரான்சிஸ் பெர்னாண்டஸ் வந்தார். முன்களத்தில் ஜெஜேக்கு மாற்றாக முகமது ரஃபியும், கோல்கம்பத்தில் கரண்ஜித்துக்கு மாற்றாகப் பவன் குமாரும் சேர்ந்தனர். பருவம் முழுவதும் பிக்ரம்ஜித், கணேஷ் இணை நடுகளத்தைத் தாங்க, 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் பெங்களூரு எஃப்சியை 3-2 என்ற கணக்கில் வென்று சென்னை இரண்டாம் முறையாகப் பட்டம் பெற்றது.

இங்கே கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தி, தோய் சிங்கும் தன்பால் கணேஷும் முன்னரே சென்னைக்காக ஆடியவர்கள் என்பதாகும். தக்கவைக்கும் வரம்பால் விடப்பட்ட வீரரை, அணி மனத்தளவில் விட்டுவிட்டதாகக் கொள்ளக் கூடாது. விதியின் நெருக்கடியால் பட்டியலுக்குப் போனவரை அதே அணி திரும்ப எடுக்கும் வாய்ப்பு, அவருக்கு இணையான திறமையுள்ள அறிமுகமற்ற ஒருவரை எடுக்கும் வாய்ப்பைவிட அதிகம். ஏனெனில் அவருடைய உடல்நிலை, பழக்கவழக்கம், பயிற்சியில் காட்டும் ஒழுங்கு ஆகியவை அணிக்கு முன்பே தெரியும். முன்கணிப்பவர் முன்னாள் வீரர்களின் பெயர்களுக்குத் தனி அடையாளமிட்டு, அவர்களுக்குச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு அளிப்பது தகும்.

4. தேர்ந்தெடுக்கும் கை யாருடையது?

அணி எடுக்கிறது என்று பேச்சுவழக்கில் சொல்லப்பட்டாலும், உண்மையில் எடுப்பவர் ஒருவரோ சிலரோ ஆவர். பயிற்சியாளர், விளையாட்டு இயக்குநர், உரிமையாளர் ஆகிய மூவருள் இறுதிச் சொல் யாருடையது என்பது அணிக்கு அணி வேறுபடும். பயிற்சியாளரின் கை ஓங்கியிருந்தால் அடுத்த சனிக்கிழமை களமிறக்கக்கூடிய வீரர் எடுக்கப்படுவார். இயக்குநரின் கை ஓங்கியிருந்தால் மூன்றாண்டுக்குப் பின் பயன்தரும் இளைஞர் எடுக்கப்படுவார். உரிமையாளரின் கை ஓங்கியிருந்தால் பார்வையாளரை அரங்குக்கு இழுக்கும் பெயர் எடுக்கப்படுவது வழக்கம்.

2014இன் முதல் டிராஃப்ட் முடிந்த பிறகே சென்னையின் எஃப்சி என்ற அணி தோன்றியது என்பதும், மார்கோ மாத்தராசி அதன் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றதும் அதற்குப் பின்னரே என்பதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கவை. அந்த ஆண்டின் டிராஃப்டை வைத்து மாத்தராசியின் விருப்பத்தை அறிய முயல்வது பொருளற்ற செயலாகும். இதற்கு மாறாக, 2016இல் கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் பயிற்சியளித்த ஸ்டீவ் கொப்பெல் 2017இல் ஜாம்ஷெட்பூருக்கு மாறியபோது, கேரளாவின் நடுகளத்தைத் தாங்கிய மெஹ்தாப் உசேனும் அங்கே வந்து சேர்ந்தார். பயிற்சியாளர் புதிய அணிக்குப் போகும்போது பழைய அணியின் நம்பிக்கைக்குரிய ஒருவரையேனும் உடன் அழைத்துச் செல்வது கால்பந்து உலகெங்கும் காணப்படும் பழக்கம்.

அணியின் கையை அறியாமல் தேவையை மட்டும் கணக்கிட்டவர்கள் ஏமாந்ததற்கு 2024இன் என்எஃப்எல் டிராஃப்ட் தக்க சான்று. அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி அந்த ஆண்டு மார்ச்சில் கர்க் கசின்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கோடு, அதாவது தாக்குதலை இயக்கிப் பந்தை எறியும் தலைமை வீரரோடு, நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் செய்திருந்தது. அந்த இடத்தில் இனித் தேவை இல்லை என்று எல்லோரும் கணித்திருக்க, ஏப்ரலில் எட்டாம் முறை வந்தபோது அந்த அணி மைக்கேல் பெனிக்ஸ் என்ற மற்றொரு குவார்ட்டர்பேக்கையே எடுத்தது. மூத்த வீரருக்குப் பின் யார் என்பதே அணியின் கவலையாக இருந்தது. இடைவெளிப் பட்டியலில் இன்றைய நிலைக்கு ஒரு பத்தியும், இரண்டாண்டுக்குப் பிந்தைய நிலைக்கு ஒரு பத்தியும் தனித்தனியே இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

5. வீரரின் மதிப்பு: ஊர்ப் பட்டியலும் அணிப் பட்டியலும்

ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டுக்கு முன் பத்திரிகையாளர்களும் ஆர்வலர்களும் வீரர்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிடுகின்றனர். இதை ஊர்ப் பட்டியல் எனலாம். அணிகள் தமக்குள் மறைவாக வைத்திருக்கும் தரவரிசை அணிப் பட்டியல். அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் சோதனைக் கூடலில் கல்லூரி வீரர்களின் 40 கஜ ஓட்ட நேரம், தாவும் உயரம், உடல் அளவுகள், மருத்துவ நிலை ஆகியவை ஆராயப்படுகின்றன. இவற்றுள் ஓட்ட நேரம் ஊர்ப் பட்டியலுக்கு எட்டும். மருத்துவ அறிக்கையும் தனி நேர்காணலில் வீரர் பேசிய விதமும் எட்டா. இரண்டு பட்டியல்களும் பிரியும் இடம் பெரும்பாலும் இதுவே.

2025இல் முதல் சுற்றிலேயே எடுக்கப்படுவார் என்று பலரும் கணித்திருந்த குவார்ட்டர்பேக் ஷெடோர் சாண்டர்ஸ், ஐந்தாம் சுற்றில் 144ஆம் வீரராகவே கிளீவ்லாந்து பிரௌன்ஸால் எடுக்கப்பட்டார். அதே அணி மூன்றாம் சுற்றிலேயே வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்திருந்தது. எதிர்த்திசையில், 2000ஆம் ஆண்டில் 199ஆம் வீரராக எடுக்கப்பட்ட டாம் பிரேடி, என்எஃப்எல்லின் சாம்பியன் பட்டமான சூப்பர் பௌலை ஏழு முறை வென்றார். முதல் நிகழ்ச்சி முன்கணிப்பின் பிழை. இரண்டாவது அணிகளின் பிழை. இவற்றைப் பிரித்தறிவது இன்றியமையாதது. முன்கணிப்பவரின் கடமை அணி என்ன செய்யும் என்று சொல்வதே. அணி செய்தது சரியா என்பதைக் காலம் சொல்லும்.

இந்தியச் சூழலில் கல்லூரி விளையாட்டிலிருந்து நேரே தொழில்முறைக்கு வரும் பாதை அகலமானதன்று. வீரர்கள் பயிற்சிக் கழகங்கள், ஐ-லீக் அணிகள், மாநிலப் போட்டிகள் ஆகியவற்றின் வழியே வருவதால், ஒருவர் எத்தனை நிமிடம் ஆடினார், எந்த இடத்தில் ஆடினார், காயத்தால் எத்தனை ஆட்டங்களை இழந்தார் என்ற மூன்று செய்திகளைச் சேர்த்தாலே ஊர்ப் பட்டியல் பெருமளவு நம்பகமாகிவிடும். கோல்களின் எண்ணிக்கையை மட்டும் நம்பும் பட்டியல் முன்கள வீரர்களை ஏற்றியும் தற்காப்பு வீரர்களைத் தாழ்த்தியும் காட்டும். 2017இல் முதலில் எடுக்கப்பட்ட அனஸ் தற்காப்பு வீரர் என்பதை மறத்தலாகாது.

6. ஊகத்தை எண்ணாக்குதல்

இவர்தான் எடுக்கப்படுவார் என்று அடித்துச் சொல்வதைவிட, எடுக்கப்படும் வாய்ப்பை விழுக்காட்டில் சொல்வதே முறையான முன்கணிப்பு. இதற்கு இரண்டு எண்கள் தேவை. வீரர் குறிப்பிட்ட முறை வரை பட்டியலில் எஞ்சியிருக்கும் வாய்ப்பு முதலாவது. எஞ்சியிருந்தால் அணி அவரை எடுக்கும் வாய்ப்பு இரண்டாவது. இவற்றைப் பெருக்கினால் கிடைப்பதே விடை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஓர் அணிக்கு 20ஆம் முறை. அது விரும்பும் வீரரைப் போன்றவர் தேவைப்படும் வேறு ஆறு அணிகள் அதற்கு முன்னால் உள்ளன. அந்த ஆறில் ஒவ்வோர் அணியும் அவரை எடுக்க 15 விழுக்காடு வாய்ப்பு உண்டு எனக் கொண்டால், ஒவ்வொன்றையும் அவர் தாண்டும் வாய்ப்பு 85 விழுக்காடு. ஆறையும் தாண்டும் வாய்ப்பு 0.85ஐ ஆறு முறை பெருக்கக் கிடைக்கும் 0.38, அதாவது 38 விழுக்காடு. அவர் எஞ்சியிருந்தால் அணி அவரை எடுக்க 60 விழுக்காடு வாய்ப்பு எனில், இறுதி விடை 0.38ஐ 0.60ஆல் பெருக்கக் கிடைக்கும் ஏறத்தாழ 23 விழுக்காடு. அணிக்கு அவர் மிகப் பொருத்தமானவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டாலும், நான்கில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இதனால் ஒரு முறைக்கு ஒரே பெயரை எழுதுவதைத் தவிர்த்து, மூன்று பெயர்களையும் அவர்களுக்கான விழுக்காட்டையும் எழுதி, எஞ்சியதை ‘பிறர்’ என்ற தலைப்பில் விடுவது நல்லது. ‘பிறர்’ என்பதற்கு இடமே வைக்காத முன்கணிப்பு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது.

7. முறை கைமாறுதலும் வதந்தியும்

என்எஃப்எல்லில் அணிகள் தம் முறைகளைத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் வழங்கும் மதிப்பு அட்டவணை, முதல் முறைக்கு 3000 புள்ளிகளும் இரண்டாவதற்கு 2600 புள்ளிகளும் பதினாறாவதற்கு 1000 புள்ளிகளும் தந்து, கைமாற்றுக்கு ஒரு பொது அளவுகோலை உண்டாக்கியது. 2023இல் சிகாகோ பேர்ஸ் தன் முதல் முறையைக் கரோலைனா பேந்தர்ஸுக்குக் கொடுத்து, அந்த ஆண்டின் 9ஆம், 61ஆம் முறைகளையும், 2024இன் முதல் சுற்று முறையையும், 2025இன் இரண்டாம் சுற்று முறையையும், டி.ஜே. மூர் என்ற வீரரையும் பெற்றது. அடுத்த பருவத்தில் கரோலைனா கடைசி இடத்துக்குச் சரிந்ததால், கைமாறி வந்த அந்த முறையே 2024இன் முதல் முறையாகி, சிகாகோ அதைக் கொண்டு கேலெப் வில்லியம்ஸ் என்ற வீரரை எடுத்தது. எதிர்கால முறையின் மதிப்பு, அதைக் கொடுக்கும் அணி எவ்வளவு மோசமாக ஆடப்போகிறது என்பதைப் பொறுத்தது என்பதே இதன் பாடம்.

டிராஃப்ட் நெருங்க நெருங்க வதந்திகள் பெருகுவது இயல்பு. அணிகள் தாம் விரும்பாத வீரரை விரும்புவதாகச் செய்தி கசியவிட்டு, முன்னால் உள்ள அணியை அவர்பால் திருப்ப முயல்வதுண்டு. வீரர்களின் முகவர்களும் தம் வீரரின் விலையை உயர்த்தச் செய்தி பரப்புவதுண்டு. ஆகவே ஒரு செய்தியை எடையிடும்போது, அது உண்மையானால் யாருக்கு நன்மை, பொய்யானால் யாருக்கு நன்மை என்ற இரு வினாக்களையும் எழுப்ப வேண்டும். பணம் செலவழித்து அணி செய்த செயல்கள், எடுத்துக்காட்டாக ஒரு வீரரைத் தனியே வரவழைத்துச் சோதித்ததும் ஒரு மூத்த வீரரை விடுவித்ததும், வாய்ச்சொல்லைவிட நம்பத்தக்கவை.

8. மதிப்பெண் இடுதல்

முன்கணிப்பு முடிந்தபின் மதிப்பிடப்படாவிட்டால் அது பொழுதுபோக்கே. இதற்கு எளிய அளவுகோல், அமெரிக்க வானிலை அறிஞர் கிளென் பிரையர் 1950இல் மழை முன்னறிவிப்புகளை மதிப்பிட வகுத்த முறையாகும். நிகழ்ந்ததை 1 என்றும் நிகழாததை 0 என்றும் கொண்டு, சொன்ன வாய்ப்புக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை இருமடிப் பெருக்கம் செய்ய வேண்டும். 70 விழுக்காடு என்று சொன்னது நிகழ்ந்தால் வேறுபாடு 0.30, மதிப்பெண் 0.09, நிகழாவிட்டால் வேறுபாடு 0.70, மதிப்பெண் 0.49. மதிப்பெண் குறையக் குறைய முன்கணிப்பு சிறந்தது. எல்லாவற்றையும் 100 விழுக்காடு என்று அடித்துச் சொல்பவர் ஒருமுறை தவறினாலே முழுத் தண்டனையான 1ஐப் பெறுவதால், இந்த முறை வாய்வீச்சைத் தானே அடக்கிவிடுகிறது.

பெயரைச் சரியாகச் சொல்வது, ஆடும் இடத்தை மட்டும் சரியாகச் சொல்வது, சுற்றை மட்டும் சரியாகச் சொல்வது ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுவது பயன்தரும். 2017இன் சென்னையைப் பொறுத்தவரை, பிக்ரம்ஜித் என்ற பெயரைத் தவறவிட்டு நடுகள வீரர் என்று மட்டும் சொன்னவரும் அணியைச் சரியாகப் படித்தவரே.

9. லைட்ஹவுஸ் குப்பத்தில் செய்துபார்க்கும் பயிற்சி

2017க்குப் பின் இந்தியன் சூப்பர் லீக்கில் டிராஃப்ட் நடைபெறவில்லை; அணிகள் வீரர்களோடு நேரடியாக ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. எனவே இந்த முறையைக் கற்க விரும்பும் இளைஞர் குழு, தன் கரையிலேயே ஒரு சிறிய டிராஃப்டை நடத்திப் பார்ப்பது தகும். லைட்ஹவுஸ் குப்பத்திலும் அண்டைக் குப்பங்களிலும் பந்தாடும் இருபது பேரின் பெயர்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொருவரும் ஆடும் இடத்தையும், கடலுக்கோ ஏரிக்கோ போகும் வேலையால் ஆட்ட நாளில் வர இயலுமா என்பதையும் எதிரே குறிக்க வேண்டும். வருகை உறுதியில்லாத சிறந்த ஆட்டக்காரருக்கும், தவறாமல் வரும் நடுத்தர ஆட்டக்காரருக்கும் இடையே தலைவர்கள் யாரை எடுப்பார்கள் என்ற வினாவே இந்தப் பயிற்சியின் உயிர்.

இந்த இருபது பேரில் சேராத நான்கு தலைவர்கள் சீட்டுக் குலுக்கி வரிசை பெற்று, முதல் சுற்றில் 1, 2, 3, 4 என்றும் இரண்டாம் சுற்றில் 4, 3, 2, 1 என்றும் திரும்பி வரும் முறையில் ஐந்து சுற்றுகள் எடுக்கலாம். கடைசி முறை பெற்றவருக்கு அடுத்தடுத்து இரண்டு முறைகள் கிடைப்பதால் இந்த வரிசை நியாயமாக அமைகிறது. எடுக்கத் தொடங்குமுன், தலைவர்கள் அல்லாத அனைவரும் ஏதேனும் ஒரு தலைவரைத் தேர்ந்து, அவருடைய முதல் இரண்டு முறைகளுக்கும் மூன்று பெயர்களையும் விழுக்காட்டையும் எழுதி மடித்துக் கொடுக்க வேண்டும். எடுத்து முடிந்ததும் பிரையர் முறைப்படி மதிப்பெண் இட்டு, குறைந்த மதிப்பெண் பெற்றவரை அறிவிக்கலாம்.

இப்பயிற்சியை மேற்கொள்ளும் வாசகர்கள் ஒரே ஒரு கட்டுப்பாட்டை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. முன்கணிப்பு தேதியிட்டு, தேர்வு தொடங்குமுன் பிறர் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். முதல் பெயர் அழைக்கப்பட்டபின் திருத்தப்பட்ட எந்த முன்கணிப்பும் கணக்கில் சேராது.